முள்ளோடை நிறுத்தம்

பத்தே முக்காலுக்கு மாடியிலிருந்து ஒரு டப்பா வந்தது.
உப்புநீரில் நனைத்த துணியின் மேல்
பாசிப்பயறளவு, சாம்பலும் ரோஜாவுமாக.
கூடவே டாக்டர் நூருல்லாவின் கோழிக்கிறுக்கல்:
தனகோட்டி, 46. இடது டெம்போரல்.
அரசுப் பேருந்து நடத்துநர்.
ஊர்ப்பெயர்கள் நழுவுகின்றன.

சவரிராயன் அதை இரண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து
கட்டைவிரலால் நசுக்கி இழுத்தார்.
இருபத்தோரு வருஷமாக இழுக்கிறார்,
ஒருநாள்கூட யாருடையது என்று கேட்டதில்லை.
"மெத்துனு வருது மேடம்" என்றார்.
அவர் கணக்கில் அது பாதி அறிக்கை.

நீலச்சாயம், சிவப்புச்சாயம், குனிந்தேன்.
வட்ட வட்டமாக உட்கருக்கள்,
ஒரே அச்சில் வார்த்தவை மாதிரி.
இடையிடையே சுண்ணாம்புத் துகள்.
ரத்தக் குழாய்களைக் கோழிவலை என்று பாடநூல் சொல்லும்;
எனக்கென்னவோ அவை எப்போதும்
எங்கள் மஞ்சக்குப்பம் வீட்டுக் குளியலறைச் சுவர்.

"ஒலிகோ மாதிரி இருக்கு. அவசரக்காரன் இல்ல.
பாரஃபின் வந்தப்புறம் உறுதியா சொல்றேன்."
ஃபோனை வைக்க அவர் மறந்துவிட்டார்.
நான் மறக்கவில்லை; வைக்கவில்லை.

அங்கே தனகோட்டி விழித்திருக்கிறார்.
மண்டையோட்டில் ஒரு ஜன்னல் திறந்திருக்க
வாய் மட்டும் கடலூரில் வண்டியேறியிருக்கிறது:
"ஆல்பேட்டை...
பெரியகங்கணாங்குப்பம்...
ரெட்டிச்சாவடி..."
ஒவ்வொன்றுக்கும் பின்னால்
ஒரு விசில் ஊதும் நேரம்.

"ரெட்டிச்சாவடி...
அதாங்க, அப்புறம் ஒண்ணு...
எறங்குவாங்களே... அந்த..."

ஏசியின் உறுமல். யாரோ இருமினார்கள்.
நூருல்லா மின்முனையை எடுத்திருக்க வேண்டும்.

"முள்ளோடை! முள்ளோடைலாம் முன்னாடி வா!"

எனக்குத் தெரியும் முள்ளோடை.
இந்தப் பலகை நன்றி சொல்லும், அந்தப் பலகை வருக சொல்லும்.
தாண்டியதும் வரிசையாக ஒயின்ஷாப் விளக்குகள்.
தூங்கிக்கொண்டு போனாலும் மாநிலம் மாறியது தெரியும்.

பதினொன்றரைக்கு இரண்டாவது துண்டு.
சீட்டில் ஒரே சொல்: ஓரம்.
இதை உறையவைத்துச் சீவினோம்.
நடுவில் ஒரு நியூரான்,
பெரிய உடம்பு, நீண்ட கை, நல்ல நிலையில்.
அதை ஒட்டி ஏழெட்டுக் கட்டிச் செல்கள்,
மீதிச் சில்லறைக்கு நடத்துநரைச் சூழ்ந்த கூட்டம்.
யாரும் இடிக்கவில்லை.
யாரும் இறங்குகிற மாதிரியும் இல்லை.

"கட்டி இருக்கு. மூளையும் இருக்கு."
"எது எங்க முடியுது?"
"முடியல டாக்டர்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது.
பிறகு, யாரிடமோ: "இதோட நிறுத்திக்கலாம்."
ஒரு சுண்டைக்காய் அளவு உள்ளேயே இருக்கிறது,
முள்ளோடையின் பக்கத்து இருக்கையில்.

மறுநாள் பாரஃபின் வில்லையில்
ஒவ்வொரு உட்கருவைச் சுற்றியும் ஒரு வெள்ளை வளையம்.
பொரித்த முட்டை என்று மாணவர்கள் குஷியாவார்கள்.
தலைக்குள் அந்த வளையம் கிடையாது.
ஃபார்மலினில் ஊறும்போது அதுவாக வருவது.
அதைப் பார்த்துத்தான் நானும்
பேனாவை எடுத்தேன்.

குரோமோசோம் சோதனைக்குக் கட்டை வெளியூர் போயிருக்கிறது.
மூன்று வாரம் என்றார்கள். நான்கு ஆகும்.
அறிக்கையில் அளவு, நிறம், தரம் எழுதினேன்.
குரல் எழுத அதில் கட்டம் இல்லை.

கோரிமேட்டிலிருந்து இறங்கி
ஆறே காலுக்குக் கடலூர் வண்டி பிடித்தேன்.
புதுப் பையன், காதில் பேனா,
"சில்லறையா குடுங்கம்மா" என்றான். கொடுத்தேன்.
எத்தனை வருஷம் தனகோட்டியிடமும்
முகம் பார்க்காமல் நீட்டியிருப்பேனோ.

கன்னியகோயில் தாண்டியதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
முள்ளோடையில் இறங்க ஆளில்லை,
ஏறவும் இல்லை.
பையன் விசிலை ஊதினான்.
வண்டி நின்றது.